கதவை எண்ணாதே, அடுப்பை எண்ணு

மண் சரிந்த மூன்றாம் நாள் தேயிலைத் தோட்டத்தில் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. பாண், பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல் என்று லொறி மேல் லொறி வந்து நிற்கும். குறை தொடங்குவது மூன்றாம் மாதத்தில். அப்போது லொறியும் வராது, கமராவும் வராது. முகாமில் இருக்கிற சனத்துக்குப் பசி மட்டும் நேரம் தவறாமல் வரும். பதுளை மாவட்டத்தில் நிவாரண வேலையில் நின்ற எவரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்.

நான் இந்த வேலையைத் தேடிப் போனவன் அல்ல. பசறைப் பக்கத்திலும் பிறகு ஹல்துமுல்லைப் பக்கத்திலும் தோட்டப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்தவன். அடைமழையில், தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயம் ஆட்டம் கண்டால் சனத்தைக் கொண்டுவந்து இறக்குவது பள்ளிக்கூடத்தில். அது நிறைந்தால் கோயில் மண்டபத்தில். வகுப்பறைச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. சாவியோடு வந்த வேலை இது. பென்சன் எடுத்த பிறகும் விட்டுப் போகவில்லை.

என் முதல் அதிபர், 1978 நவம்பர் 23-இல் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்துப் போட்டபோது பதுளையிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு போன ஆள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கதையை எடுப்பார். "எல்லாரும் அரிசி கொண்டு போனோம் தம்பி. மூட்டை மூட்டையா அரிசி. பொங்கித் தின்னச் சட்டி ஒருத்தர்கிட்டயும் இல்ல. காத்து சட்டியையும் கொண்டு போயிருச்சின்னு எங்களுக்குத் தோணல." அதனால் எங்கள் பள்ளிக்கூடத்துச் சாமான் அறையில் அவர் அரிசி வைக்கவில்லை. பெரிய தாச்சி, அலுமினியச் சட்டிகள், அகப்பை, கத்தி, மண்வெட்டி, கயிறு, தறப்பாள் ஆகியவற்றை வைத்தார். அரிசியை எந்தக் கடையிலும் வாங்கலாம், இருநூறு பேருக்குப் பொங்குகிற தாச்சியை இரவு பத்து மணிக்கு எங்கே வாங்குவது என்பது அவர் கணக்கு.

2004 டிசம்பர் 26-இல் கடல் ஏறியபோது அந்தக் கணக்கு எனக்கு முழுதாக விளங்கியது. ஆழிப்பேரலைக்குத் தோட்டத்துச் சனம் கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. கடலையே பார்த்திராத கிழவிகள் கோதுமை மாவைச் சேலைத் துண்டில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். கொழுந்து எடுக்கிற பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுத்தார்கள். பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி என்று அதிபர் போன அதே பாதையில் நாங்களும் போனோம். அந்தப் பாதை நெடுக, எங்களுக்கு முன்னால் போனவர்கள் இறக்கிவிட்ட உடுப்புகள் மழையில் நனைந்து குவிந்து கிடந்தன. கோட்டு, கலியாணச் சேலை, குதி உயர்ந்த செருப்பு. ஒரு முகாமில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எங்கள் குழுவிலிருந்த ஆசிரியையைத் தனியே கூப்பிட்டு, உள்பாவாடையும் மாதவிலக்குத் துவாயும் கிடைக்குமா என்று கேட்டார். எங்கள் லொறியில் இல்லை. அதற்கு முன்னால் வந்தவற்றிலும் இருந்திருக்கவில்லை. சாமான் ஏற்றியவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள்.

அதிலிருந்து எங்கள் பக்கத்தில் சேகரிப்பு என்றால் பட்டியல் போடுவது பெண்கள். பழைய உடுப்பு கொடுக்க வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இதை உங்கள் தங்கச்சிக்குக் கொடுப்பீர்களா? பாதிப்பேர் பையைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவார்கள், கோபத்தோடுதான். போகட்டும். வந்ததைத் தரம் பிரிக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும், பிரித்த பின் கழிவை எரிக்க விறகு வேண்டும். மழைக்காலத்தில் மூன்றும் கிடையாது. புதிய உள்ளுடுப்பு, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், கம்பளி, துவாய், சவர்க்காரம் ஆகியவைதான் மலைநாட்டு முகாமில் ஒரு நாளும் மிஞ்சுவதில்லை.

பொதி கட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. எங்கள் பக்கத்தில் லொறி நிற்கிற இடத்துக்கும் லயத்துக்கும் நடுவே ஒரு மலை இருக்கும். கொழும்பில் இருபத்தைந்து கிலோ மூட்டையாகக் கட்டி அனுப்புகிறவர்கள் இதைப் பார்த்ததில்லை. பத்துக் கிலோவுக்கு மேல் நாங்கள் கட்டுவதில்லை: அரிசி ஐந்து, கோதுமை மா இரண்டு, பருப்பு ஒன்று, மிச்சத்துக்குச் சீனி, உப்பு, நெத்தலிக் கருவாடு, சோயா, தேங்காயெண்ணெய், நெருப்புப்பெட்டி. தேயிலைத்தூளும் ஒரு பைக்கட். தேயிலை மலையில் இருக்கிறவர்களுக்குத் தேயிலையா என்று வெளியூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வேலை நின்றால் தோட்டம் கொடுக்கிற தேயிலைத்தூளும் நிற்கும். மாப் பையில் போட்டு இரண்டு முடிச்சாகக் கட்டினால் கொழுந்துக் கூடைக்குள் அப்படியே உட்காரும்; தலைக்கயிற்றைப் போட்டுக்கொண்டு வயதான பெண்கூட ஏறிவிடுவார்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் அந்த இடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனம் லயத்தில் இருந்தது. போவதற்கு வேறு காணி யாரும் காட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள்; அவர்களில் சிலர் திரும்பி வருவதற்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அந்த வாரம் நாடே கேட்ட கேள்வி எத்தனை பேர் என்பது. முதல் நாள் முந்நூறு என்றார்கள். அடுத்த நாள் இருநூறுக்குக் கீழே இறங்கியது, பிறகு நூறு என்றார்கள். கடைசியில் இறந்தவர்களையும் காணாமற்போனவர்களையும் சேர்த்து நாற்பதுக்குள் வந்து நின்றது. ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வேலைக்குப் பேர் பதிந்தவர்கள் செக்றோலில் இருப்பார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற மகன், கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பிரசவத்துக்கு வந்த மகள், பென்சன்காரத் தாத்தா என்று மற்றவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

நிவாரணம் பகிரும்போதும் இதே சிக்கல். முகாமில் ஒரு பெண் மேசைக்கு வந்து, "மாஸ்டர், எங்க வூட்டு நம்பர் ஆறு. ஆனா ஆறுல நாங்க மூணு குடும்பம்" என்றார். பட்டியலில் ஆறுக்கு எதிரே ஒரு பெயர்தான் இருந்தது. ஒரு காம்பராவுக்குள் பெரியவர், மூத்த மகன் குடும்பம், இளையவன் குடும்பம். சேலையால் மறைப்பு, மூன்று மூலையில் மூன்று அடுப்பு. ஒரு வீட்டுக்கு ஒரு பொதி என்று கொடுத்தால் பாதிப்பேர் பட்டினி. கூடவே அண்ணன் தம்பிக்குள் சண்டை. அன்றைக்கு எங்களில் ஒரு பெரியவர் சொன்னதுதான் பிறகு எங்கள் சட்டமாயிற்று: கதவை எண்ணாதே, அடுப்பை எண்ணு.

மீரியபெத்தைச் சனத்துக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளித்தது 2016 அக்டோபரில். நடுவிலே இரண்டு வருஷம் பலர் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றுக்குள், பலகையாலும் துணியாலும் தடுத்த அறைகளில் இருந்தார்கள். முதல் மாதம் வந்த உதவியைப் படம் பிடித்தவர்கள் பலர். இரண்டாம் வருஷம் அந்தப் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, மாலை வகுப்பு, பஸ் காசு கொடுத்தவர்கள் சிலபேர். அவர்களில் பெரும்பாலானோர் மாதம் ஆயிரம் இரண்டாயிரம் ஒதுக்கிய சாதாரண உத்தியோகத்தர்கள், கடைக்காரர்கள். இரண்டு வருஷம் தாங்கியது அந்தச் சின்னக் காசுதான். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது சனம் உயிரோடு வெளியே வந்துவிட்டது. செய்தி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. சாவு விழாத சரிவுக்கு உதவி தேடுவது எத்தனை கஷ்டம் என்பதை அப்போது பார்த்தேன்.

பிறகு 2025 நவம்பர் கடைசியில் டித்வா. கிழக்கில் கரையேறிய சூறாவளி, அதற்கு முன்னும் பின்னும் கொட்டிய மழையால் மலைநாட்டைத்தான் அதிகம் தின்றது. நாடு முழுதும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில்தான் சாவு அதிகம். ரயில் நின்றது, வீதிகள் மண்ணால் மூடின, மின்சாரம் போனது, கைத்தொலைபேசி செத்தது. பல தோட்டங்களுக்கு முதல் இரண்டு நாள் வெளியிலிருந்து ஒருவரும் போக முடியவில்லை.

அந்த இரண்டு நாள் தோட்டத்தைக் காப்பாற்றியவர்களின் பெயர் எந்த நன்றிப் பட்டியலிலும் இல்லை. மண்வெட்டியோடும் வாளோடும் இறங்கிய தோட்டத்துப் பொடியன்கள். பிள்ளைக் காம்பராவைத் திறந்து குழந்தைகளுக்குக் கஞ்சி வைத்த பெண்கள். சந்திக்கடைக்காரர். எனக்குத் தெரிந்த ஒரு சந்திக்கடையில் முதல் இரவே மெழுகுதிரி, பிஸ்கட், பால்மா எல்லாம் கடனுக்குப் போய்விட்டது. மழையில் கடன் கொப்பி நனைந்து ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் பிரித்துப் பார்க்கவும் இல்லை. பாதை திறந்ததும் வெளியிலிருந்து இலவச அரிசி மூட்டைகள் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் அரிசி இலவசமாக வருகிற ஊரில் கடைக்காரரின் அரிசி விலைப்படாது, கொடுத்த கடனும் திரும்பாது. அடுத்த மழைக்கு அந்தக் கடை திறந்திருக்க வேண்டாமா?

ஆகவே கனடாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் என்ன அனுப்பட்டும் என்று கேட்டவர்களிடம் நாங்கள் சொன்னது, பாதை திறந்த இடத்தில் சாமான் அனுப்பாதீர்கள், காசு அனுப்புங்கள் என்பதுதான். அந்தக் காசுக்குச் சந்திக்கடையிலேயே துண்டு எழுதிக் கொடுத்தோம். குடும்பத்துக்கு இவ்வளவு, வேண்டியதை நீங்களே எடுங்கள். ஒரு வீட்டில் பால்மா எடுத்தார்கள், இன்னொரு வீட்டில் பாட்டிக்குப் பிரஷர் குளிசை வாங்க வேண்டும் என்றார்கள். வெற்றிலை வாங்கிய கிழவியைப் பார்த்து முகம் சுளித்த தொண்டருக்கு, வாழ்நாள் முழுக்க உழைத்தவள் ஒரு வாய் வெற்றிலைக்கு உங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று சொல்ல வேண்டியிருந்தது.

டித்வா நேரத்தில் புதிதாகப் பார்த்த தொல்லை வாட்ஸ்அப். "பால்மா உடனடியாகத் தேவை" என்று ஒரு முகாமிலிருந்து போன செய்தி, தேவை தீர்ந்த பிறகும் நாட்கணக்கில் சுற்றியது. ஒரு பள்ளிக்கூடத்தில் பால்மா குவிந்து கிடக்க, அடுத்த மலையில் ஒரு பைக்கட்டும் இல்லை. இப்போது நாங்கள் அனுப்பும் எந்தச் செய்தியிலும் திகதி, நேரம், இடம், "இந்த நேரத்துக்குப் பிறகு அனுப்ப வேண்டாம்" என்ற வரி ஆகிய நான்கும் இருக்கும். இவை இல்லாத செய்தி உங்களுக்கு வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். அதுவும் ஓர் உதவி.

தொண்டர்களைப் பற்றி. நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் முகாமில் சமைத்ததைச் சாப்பிட்டு, முகாமின் மலசலகூடத்தைப் பாவித்து, சரிந்த இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று நிற்கும் ஒரு வேன் ஆட்களைப் பார்த்துக்கொள்ள எங்களில் இரண்டு பேர் வேண்டும். வருவதானால் உங்கள் சாப்பாடு, தண்ணீர், சப்பாத்து, அட்டைக்கடிக்கு உப்பு எல்லாவற்றோடும் வாருங்கள். முதலில் கிராம சேவகரிடம் பெயர் பதியுங்கள். சரிந்த மலைக்குக் கீழே நிற்காதீர்கள். ஒரு முறை இறங்கிய மண் மறுமுறையும் இறங்கும். பொதி வாங்குகிறவரைப் படம் எடுக்காதீர்கள். ஒரு முகாமில் போன் தூக்கப்பட்டதும் வரிசையில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக முந்தானையை முகத்துக்கு இழுத்ததைப் பார்த்தேன். கடைசியாக நின்ற அம்மாவுக்கு இழுக்க முந்தானை இல்லை. யாரோ கொடுத்த கவுன் போட்டிருந்தார். பொதி வாங்காமலே திரும்பிவிட்டார்.

எங்களுக்குக் கிடைத்த ஆகப்பெரிய உதவி எது என்று கேட்டால், ஒரு லொறியையும் சொல்லமாட்டேன். சிங்களமும் தமிழும் எழுதத் தெரிந்த, விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஒரு பல்கலைக்கழகப் பிள்ளையைச் சொல்வேன். டித்வாவுக்குப் பிறகு அரசாங்கம் வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாய், முற்றாக இடிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் வரை என்று அறிவித்தது. அறிவித்த காசு கைக்கு வர ஒரு படிவம் இருக்கிறது. வீடு யாருடையது என்று அது கேட்கும். காணி அரசாங்கத்துடையது, நிர்வாகம் 1992-க்குப் பிறகு கம்பனிகளிடம், குடியிருப்பது மட்டும் தலைமுறை தலைமுறையாக இவர்கள். என்ன எழுதுவது? பெயரிலும் வில்லங்கம். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, சேமலாப நிதி அட்டையில் மூன்றாவது மாதிரி. அட்டையே மண்ணுக்குள் போனவர்கள் வேறு.

அந்தப் பிள்ளை ஒரு வாரம் மேசையை விட்டு எழும்பவில்லை. ஒவ்வொருவருடைய பெயரையும் மூன்று மாதிரியாகவும் எழுதி, மூவரும் ஒருவர்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, காம்பராவுக்குள் எத்தனை அடுப்பு என்று குறித்து, போட்டோக் கொப்பி எடுத்துப் பொலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தாள். ஒரு காரியாலயத்தில் சிங்களப் படிவம்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த நாள் நிரப்பிய படிவத்தோடு போனார்கள். அவளுக்குச் செலவு, பேனையும் பஸ் காசும். அந்த வாரத்தில் பட்டியலுக்குள் வந்த குடும்பங்களுக்கு அரசாங்கத்திலிருந்து கிடைக்கக்கூடியதை எந்த லொறியாலும் ஏற்ற முடியாது.

இன்னொன்று. உயர்தரப் பரீட்சை அப்போது நடந்துகொண்டிருந்தது. சூறாவளியால் நடுவில் நிறுத்தி, மிச்சத்தை 2026 ஜனவரியில் நடத்தினார்கள். குறிப்புக் கொப்பி எல்லாம் சேற்றில் போன பிள்ளைகள் முகாமில் சும்மா இருந்தார்கள். பதுளை நகரத்துப் பிள்ளைகள் தங்கள் கொப்பிகளைப் போனில் படம் எடுத்து அனுப்ப, ஒரு போட்டோக் கொப்பிக் கடைக்காரர் கடதாசிக் காசுக்கு மட்டும் அடித்துக் கொடுத்தார். கோயில் மண்டபத்தில் ஒரு மூலையை மறைத்து, சார்ஜ் லைட் இரண்டு வைத்தோம். வெளியூர் அன்பர் ஒருவர் முகாமுக்கு ஒலிபெருக்கி வாங்கித் தரவா என்று கேட்டிருந்தார். அந்தக் காசில்தான் லைட் வந்தது.

காசு கொடுக்கிறவர்கள் யாரிடம் கொடுப்பது என்று தயங்குவது நியாயம். அரசாங்க நிதி, செஞ்சிலுவைச் சங்கம், சர்வோதயம் போன்ற பழைய நிறுவனங்கள் என்றால் கணக்கு இலக்கத்தை அவர்களுடைய சொந்த அறிவிப்பில் பார்த்துப் போடுங்கள். யாரோ தள்ளிவிட்ட செய்தியில் பார்த்தல்ல. எங்களைப் போன்ற சின்னக் குழு என்றால், வரவு செலவை எங்கே ஒட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். நாங்கள் கோயில் சுவரில் ஒட்டுகிறோம். தோட்டத் தலைவரும் படிப்பார், குடித்துவிட்டு வருகிறவரும் படிப்பார், பிழை இருந்தால் சத்தம் போடுவார். வெளிநாட்டுக் கணக்காய்வாளர் யாரும் அவ்வளவு கவனமாகப் பார்க்கமாட்டார். மொத்தத்தையும் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடாதீர்கள். ஆறாயிரம் கொடுக்க நினைத்தால் ஆயிரமாக ஆறு மாதம் கொடுங்கள். டித்வா அடித்த நேரம் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய். வேலை இல்லாத நாளுக்கு அதுவும் இல்லை. மலை திரும்பக் கொழுந்து கொடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

மழை இல்லாத மாதங்களில் செய்யக்கூடிய உதவியைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்க வேண்டும், 100 தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. ஒரு மழைமானியும் அதைக் காலையும் மாலையும் பார்த்து எழுத ஒரு பொறுப்பான பிள்ளையும் இருந்தால் ஒரு தோட்டப் பிரிவே பிழைக்கும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, கதவு நிலையில் இறுகுவது ஆகிய அறிகுறிகளைப் படமாக வரைந்து, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் ஒட்டலாம். அனர்த்த நேரத்தில் அழைக்கிற 117-ஐ எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்யலாம். பத்திரங்களைப் பொலித்தீன் பையில் போட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடலாம். இவை எல்லாம் சேர்ந்து ஒரு லொறியின் டீசல் காசுக்குள் முடியும்.

பட்டியலும் இப்போதே எழுதப்பட வேண்டும். இந்த வருஷம் எங்கள் பிள்ளைகள் லயம் லயமாகப் போய் அடுப்பு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கர்ப்பிணி எத்தனை, நடக்க முடியாதவர் எத்தனை, எந்தக் காம்பராவில் எத்தனை குடும்பம் என்று கொப்பியில் ஏறுகிறது. ஒரு பிரதி கிராம சேவகரிடமும் ஒன்று தோட்டக் காரியாலயத்திலும் இருக்கும். முகாமில் எழுதுகிற பட்டியலில் விட்டுப்போன பெயர் விட்டுப்போனதுதான். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் எழுதினால், விட்டதைச் சேர்க்க நாள் இருக்கும். சிங்களமும் தமிழும் தெரிந்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு சனி ஞாயிறு அனுப்பிவையுங்கள்.